அந்தச் சாவி என்ன ஆயிற்று?
(படக்கதைகளில் நெடுநாள் கழித்து அவிழும் முடிச்சுகள்)

சென்ற ஆடி மாதம் ஒரு நாள், மதிய உணவு வேளையில், ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எங்களைத் தேடி வந்தாள். அவள் கையில் எங்கள் பழைய கோடு போடாத நோட்டு ஒன்று இருந்தது. "அக்கா, நாலாம் பக்கத்துல அந்தப் பாட்டி குடுத்த சாவி என்னாச்சுங்க்கா?" என்று கேட்டாள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொண்டோம். எங்கள் ஐவரில் ஒருத்திக்கும் விடை தெரியவில்லை.

அந்த நோட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம். ஏழாம் வகுப்பில் படிக்கும்போது நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து 'கொல்லிமலைக் கோமகள்' என்றொரு படக்கதையை வரையத் தொடங்கினோம். ஒருத்தி படம் வரைவாள். ஒருத்தி வசனம் எழுதுவாள். மற்றவர்கள் கட்டம் போட்டு வண்ணம் தீட்டுவார்கள். வாரம் இரண்டு பக்கம் என்று கதை வளர்ந்தது. நோட்டு வகுப்பு வகுப்பாகக் கை மாறிச் சென்றது. நாலாம் பக்கத்தில், சந்தைக்குப் போகும் வழியில், ஒரு கிழவி கதாநாயகியிடம் துருப்பிடித்த சாவியொன்றைக் கொடுத்து, "பத்திரமா வெச்சுக்க கண்ணு" என்கிறாள். அதன்பின் புலி வந்தது, கள்வர் வந்தனர், குகை வந்தது, புதையல் வந்தது. சாவி மட்டும் வரவேயில்லை. தொண்ணூற்றிரண்டாம் பக்கத்தில் கதையை அப்படியே நிறுத்தியிருந்தோம்.

அந்தச் சிறுமியின் கேள்வி எங்களை உறங்கவிடவில்லை. வாசகருக்கு ஒரு கடன் வைத்துவிட்டோம். அதைத் தீர்க்காமல் பள்ளியைவிட்டுப் போகலாமா? ஆகவே, பெரிய படக்கதை ஆசிரியர்கள் இத்தகைய கடனை எப்படித் தீர்த்தார்கள் என்று தேடிப் படித்தோம். அவ்வாறு அறிந்ததையே இங்கு எழுதுகிறோம். பொதுத்தேர்வு எழுதும் ஆண்டில் படக்கதை ஆராய்ச்சியா என்று பெற்றோர் சினங்கொள்ள வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே இதைச் செய்தோம்!

விதையும் விளைவும்

நம் நாமகிரிப்பேட்டை மஞ்சளுக்குப் பேர்போன ஊர். வைகாசி, ஆனியில் விதைமஞ்சளை மண்ணில் ஊன்றினால் தை, மாசியில்தான் வெட்டுகிறோம். இடையில் எட்டு ஒன்பது மாதம் மண்ணுக்கடியில் என்ன நடக்கிறதென்று கண்ணுக்குத் தெரியாது. மேலே இலை மட்டும் ஆடிக் கொண்டிருக்கும். தொடர்கதையும் இதைப் போன்றதே. கதையின் தொடக்கத்தில் ஒரு சிறு பொருளையோ சொல்லையோ ஆசிரியர் ஊன்றி வைக்கிறார். வாசகர் அதைக் கடந்து போய்விடுகிறார். பல மாதம், சில வேளை பல ஆண்டு கழித்து அது விளைந்து வெளிவரும்போது, "அட, இது அன்றே சொல்லப்பட்டதல்லவா!" என்று வியக்கிறார்.

இது நமக்குப் புதிதன்று. கைகேயிக்குத் தசரதன் என்றோ கொடுத்த இரண்டு வரங்கள், இராமனுக்கு முடிசூட்டும் வேளையில் அல்லவா திரும்பி வந்தன? தன் அரிக்கட்டைச் சகோதரரின் அரிக்கட்டுகள் வணங்கியதாக இளைஞன் யோசேப்பு கனவு கண்டான். பல்லாண்டுகள் சென்று, பஞ்சகாலத்தில் தானியம் வாங்க எகிப்துக்கு வந்த அதே சகோதரர், அவன் யாரென்று அறியாமலே அவன்முன் தலைவணங்கினார்கள். மறைக்கல்வி வகுப்பில் இதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஆனாலும் அந்த இடம் வரும்போதெல்லாம் உடல் சிலிர்க்கிறது.

வார இதழ்களிலும் இக்கலை சிறந்து விளங்கியது. 'கல்கி' இதழில் 1950 முதல் 1954 வரை மணியம் அவர்களின் ஓவியங்களோடு வெளிவந்த 'பொன்னியின் செல்வ'னை எடுத்துக் கொள்வோம். சிறு வயதில் காவிரியில் விழுந்த அருள்மொழிவர்மனை ஒரு பெண் தூக்கிக் காப்பாற்றுகிறாள். அவள் காவேரி அன்னையே என்று எல்லாரும் நம்புகிறார்கள். நூலின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். அவள் உண்மையில் யார் என்பது பின்னர் வெளிப்படும்போது, முன்பு படித்த அத்தனை பக்கங்களும் வேறு பொருள் பெறுகின்றன. வாரந்தோறும் கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்த வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம். பின்னோக்கிப் புரட்டிப் பார்க்கும் ஆவலே அதற்குக் காரணம் எனலாம்.

காத்திருந்த மணமகள்

இனிப் படக்கதைகளுக்கு வருவோம். முகமூடி அணிந்து, காட்டில் மண்டையோட்டுக் குகையில் வாழும் வீரரை அறியாதவர் யார்? நம் ஊரில் முத்து காமிக்ஸ் அவரை வேதாளர் என்று அழைத்தது. ராணி காமிக்ஸ் மாயாவி என்றது. அமெரிக்கரான லீ ஃபாக் 1936 பிப்ரவரியில் இவரைப் படைத்தார். முதல் கதையிலேயே டயானா என்னும் பெண் வருகிறாள். இருவருக்கும் அன்பு மலர்கிறது. ஆனால் திருமணம் எப்போது நடந்தது தெரியுமா? 1977-இல்! இடையில் 41 ஆண்டுகள். முதல் கதையைப் படித்த பள்ளிச் சிறுமி, மணக்கோலத்தைப் பார்க்கும்போது பாட்டியாகியிருப்பாள்.

லீ ஃபாக் 1934-இல் படைத்த மந்திரவாதி மாண்ட்ரேக்கோ இன்னும் பொறுமைசாலி. அவரும் இளவரசி நர்தாவும் 1997-இல்தான் மணம் புரிந்தனர். அதாவது 63 ஆண்டுகள் கழித்து. இந்த இரண்டு திருமணங்களையும் தொடங்கி வைத்த அதே கை முடித்தும் வைத்தது என்பது நினைத்துப் பார்க்கத்தக்கது. லீ ஃபாக் 1999-இல் காலமானார்.

நண்பனைத் தேடிய கதை

எங்கள் மனத்தை மிகவும் தொட்டது டின்டின் கதையாகும். பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரில் கத்தோலிக்க நாளிதழ் ஒன்று சிறுவர்களுக்காக ஓர் இணைப்பை வெளியிட்டு வந்தது. அதில்தான் 1929-இல் டின்டின் பிறந்தான். ஓவியர் எர்ஜே, 1934-இல் சீன நாட்டில் நடக்கும் கதையை எழுதப் போவதாக அறிவித்தார். அப்போது சீன மாணவர்களுக்கு ஆன்ம குருவாயிருந்த ஒரு குருவானவர், சீனரைப் பற்றித் தவறாக எழுதிவிட வேண்டாமென்று அவருக்கு அறிவுரை கூறினார். அதோடு நில்லாமல், பிரஸ்ஸல்ஸில் சிற்பக்கலை பயின்ற சாங் என்னும் சீன இளைஞரை அறிமுகமும் செய்து வைத்தார். இருவரும் உயிர் நண்பர்களாயினர். 'நீலத் தாமரை' என்ற அக்கதையில், வெள்ளத்தில் மூழ்கும் சாங் என்னும் சிறுவனை டின்டின் காப்பாற்றுகிறான். கதை முடிவில் இருவரும் கண்ணீரோடு பிரிகிறார்கள்.

உண்மை வாழ்விலும் சாங் சீனாவுக்குத் திரும்பினார். போர் மூண்டது. தொடர்பு அறுந்தது. ஏறக்குறைய 23 ஆண்டுகள் சென்றபின், 1958-இல், எர்ஜே புதிய கதை தொடங்கினார். விமான விபத்தில் சாங் இறந்துவிட்டதாக எல்லாரும் சொல்ல, டின்டின் மட்டும் நம்பாமல், திபெத்தின் பனிமலைகளில் அவனைத் தேடிப் போகிறான். அக்கதையில் துப்பாக்கிச் சண்டையில்லை, கொடியவன் எவனுமில்லை. ஒரு நண்பன் மற்றொரு நண்பனைக் கைவிடாமல் தேடுகிறான், அவ்வளவே. 'நீலத் தாமரை'யின் பிரிவைப் படித்தவர்களுக்கு மட்டுமே அத்தேடலின் முழு வலிமை புரியும்.

இதற்குமேல் ஒன்று உண்டு. எர்ஜே உண்மையான சாங்கையும் தேடிக் கொண்டேயிருந்தார். 1981-இல் முதியவரான சாங் பிரஸ்ஸல்ஸ் வந்து இறங்க, நோயுற்றிருந்த எர்ஜே அவரைத் தழுவிக் கொண்டார். இரண்டே ஆண்டுகளில், 1983-இல், எர்ஜே மறைந்தார்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். 1935-இல் சாங்கை வழியனுப்பியபோது, பின்னாளில் அவனைத் தேடி ஒரு கதை எழுதுவோம் என்று எர்ஜே எண்ணியிருக்க முடியாது. ஆகவே முடிச்சுகள் இருவகை. ஒன்று, விளைவை எண்ணி ஊன்றிய விதை. மற்றொன்று, மஞ்சள் வெட்டிய காட்டில் கண்ணுக்குத் தப்பிய கிழங்கு அடுத்த மழைக்குத் தானாக முளைப்பது போன்றது. பழைய பக்கங்களை அன்போடு திரும்பிப் பார்க்கும் ஆசிரியருக்கே இரண்டாவது வகை கிட்டும்.

மாமாவும் இரத்தப் படலமும்

எங்களுள் ஒருத்தியின் தாய்மாமா லாரி ஓட்டுகிறார். அவர் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி நிறைய சிவகாசியில் அச்சான பழைய காமிக்ஸ்கள் இருந்தன. முத்து காமிக்ஸ் 1972-இலும் லயன் காமிக்ஸ் 1984-இலும் தொடங்கியவை. அவற்றில் மாமாவுக்கு உயிர் 'இரத்தப் படலம்'. பெல்ஜியம் நாட்டவரான வான் ஹாம் எழுதி, வில்லியம் வான்ஸ் வரைந்து, 1984-இல் தொடங்கிய தொடர் அது. நினைவிழந்த ஒரு மனிதன் கடற்கரையில் ஒதுங்குகிறான். அவன் தோளருகில் XIII என்னும் ரோமன் எண் பச்சை குத்தப்பட்டிருக்கிறது. அவன் யார்? இதுவே கதை. அவனைப் போலவே எண் குத்திய சதிகாரர் கூட்டம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொருவராக வெளிப்படுகின்றனர். ஆனால் முதலாம் எண்ணுக்குரிய தலைவன் யார் என்பது எட்டாம் பாகத்தில்தான், அதாவது 1991-இல்தான் தெரிகிறது. அவன் யாரென்று இங்கே சொல்லமாட்டோம். படிப்பவர் இன்பத்தைக் கெடுப்பது பாவம்!

வான்ஸ் வரைந்த முதன்மைத் தொடர் 2007-இல் நிறைவெய்தியது. தமிழ் வாசகர்களோ பாகம் பாகமாக, நீண்ட இடைவெளிகளோடு படித்து வந்தனர். 2010-இல்தான் லயன் காமிக்ஸ் 18 பாகங்களையும் ஒரே பெருந்தொகுப்பாகக் கறுப்பு வெள்ளையில் வெளியிட்டது. 2018-இல் வண்ணத்திலும் கொண்டு வந்தது.

மாமா பள்ளி மாணவராக இருந்தபோது முதல் பாகங்களைத் தம் நண்பருடன் சேர்ந்து படித்தாராம். ஒருவர் காசு போட்டு ஒரு புத்தகம். மற்றவர் காசில் அடுத்த புத்தகம். அந்த முதலாம் எண் யார் என்று இருவருக்கும் ஓயாத வாக்குவாதம். பழைய புத்தகத்தின் பின் அட்டையில் பென்சிலால் எழுதப்பட்ட இரண்டு பெயர்களை நாங்களே பார்த்தோம். ஒன்று மாமாவின் ஊகம், மற்றது நண்பருடையது. கீழே "தோற்றவர் பரோட்டா வாங்கித் தரவேண்டும்" என்றிருந்தது.

தொகுப்பு கைக்கு வந்த இரவு, மாமா லாரியின் உள்விளக்கில் உட்கார்ந்து விடியவிடியப் படித்தாராம். "ஜெயிச்சது யாருங்க மாமா?" என்று கேட்டோம். "அவன்தான் கரெக்டாச் சொல்லியிருந்தான். ஆனா பரோட்டா வாங்கிக் குடுக்க ஆளில்லையே, சாமி" என்றார். அந்த நண்பர் அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே மாரடைப்பால் இறந்துவிட்டாராம். சற்று நேரம் யாரும் ஒன்றும் பேசவில்லை.

தாமதமாக வரும் விடையின் இனிமையை மட்டுமே அதுவரை எண்ணியிருந்த நாங்கள், அதன் விலையையும் அன்றுதான் அறிந்தோம். காக்க வைக்கும் ஆசிரியருக்காகக் காலம் காத்திருப்பதில்லை.

முடிவேயில்லாத கதை

இந்த இடத்தில் 'கன்னித்தீவை'ச் சொல்லாமல் விட முடியுமா? தினத்தந்தியில் 1960-இல் தொடங்கி, 20,000 நாள்களையும் தாண்டி வந்த படக்கதை அது. மந்திரவாதி மூசாவால் சிறு பொம்மையளவு ஆக்கப்பட்ட லைலாவைப் பழைய உருவத்துக்கு மாற்றச் சிந்துபாத் புறப்பட்டான். அவன் பயணம் நீண்டு கொண்டே போயிற்று. எங்கள் வீடுகளில் எந்த வேலையாவது இழுத்துக் கொண்டே போனால், "என்ன இது, கன்னித்தீவு மாதிரி!" என்று கேட்பது வழக்கம். ஒரு தாத்தா எங்களிடம் சொன்னார்: "எங்கப்பாரும் லைலா பெருசாவாளான்னு பார்த்துட்டேதான் போனாரு. நானும் பார்த்துட்டிருக்கறேன்." அவர் சிரித்துக் கொண்டேதான் சொன்னார். நாள்தோறும் இரண்டு மூன்று கட்டம் பார்ப்பதே அவருக்கு இன்பம். விடை வராமலே வாசகரைக் கட்டிப் போடும் வித்தையும் ஒன்று உண்டு என்பதற்கு இது சான்று. ஆயினும் எங்கள் நோட்டைக் கன்னித்தீவாக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

நாங்கள் கற்ற மூன்று பாடங்கள்

இவற்றையெல்லாம் படித்தபின் மூன்று உண்மைகள் எங்களுக்குத் தெளிவாயின.

முதலாவது, ஊன்றும்போது ஆரவாரம் கூடாது. "இதைக் கவனி, பின்னால் வரும்" என்று காட்டிக் கொடுத்தால் வாசகர் விழித்துக் கொள்வார். காட்சியோடு காட்சியாக அது கலந்திருக்க வேண்டும். படக்கதைக்கு இதில் ஒரு தனி வசதி உண்டு. எழுத்தாளர் ஒரு பொருளைச் சொல்லியே ஆகவேண்டும். ஓவியரோ ஒரு மூலையில் வரைந்துவிட்டுப் பேசாமல் இருக்கலாம்.

இரண்டாவது, இடையிடையே தண்ணீர் பாய்ச்ச வேண்டும். மாதம் ஒரு முறை படிப்பவர் மறந்துவிடுவார். வேதாளரின் மண்டையோட்டு மோதிரமும், XIII என்னும் பச்சைக்குறியும் அடிக்கடி கண்ணில் படுவதால்தான் மனத்தில் நிற்கின்றன. எங்கள் சாவிக்கு நாங்கள் தண்ணீரே ஊற்றவில்லை. அந்தச் சிறுமி நினைவு வைத்திருந்தது எங்கள் திறமையன்று. அவள் நல்ல மனமே.

மூன்றாவது, விடை வரும்போது பழைய பக்கத்தின் பொருளே மாற வேண்டும். வெறுமனே "இதோ பூட்டு, திறந்தது" என்றால் கணக்குத் தீர்ந்தது போலாகுமே தவிர, மனம் நிறையாது.

சாவி திறந்த கதவு

இந்தப் பாடங்களோடு நாலாம் பக்கத்தை மீண்டும் உற்றுப் பார்த்தோம். கிழவிக்குப் பின்னால் ஒரு சிறு ஓட்டு வீடு. அதன் கதவில் ஒரு பூட்டு. ஏழாம் வகுப்பில் எங்கள் ஓவியக்காரி கட்டம் காலியாக இருக்கிறதே என்று வரைந்தது அது. எதையும் எண்ணி வரைந்ததன்று. நாங்கள் அப்படியே அமர்ந்துவிட்டோம். தப்பிய கிழங்கு அங்கே முளைத்திருந்தது!

கதையை இப்படி முடித்தோம். கதாநாயகி அந்தச் சாவிக்குரிய பூட்டைத் தேடிக் குகைகளிலும் கோட்டைகளிலும் அலைகிறாள். எதிலும் சேரவில்லை. சோர்ந்து ஊர் திரும்புகையில், அதே பாதையில், அதே கிழவி திண்ணையில் அமர்ந்திருக்கிறாள். அது அவளுடைய வீட்டுச் சாவி. அடிக்கடி மறதி வந்துவிடுவதால், சந்தைக்குப் போய்வரும் பெண்ணிடம் பத்திரமாகக் கொடுத்து வைத்தாள். கோமகள் வந்து கதவைத் திறந்துவிடுகிறாள். நூறாம் பக்கத்தில் கதை முடிந்தது.

ஆறாம் வகுப்புச் சிறுமியிடம் நோட்டைக் கொடுத்தோம். கடைசிப் பக்கம் வரை படித்தாள். மீண்டும் நாலாம் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு, "அப்ப இத்தன நாளும் பாட்டி வெளியவேதான் உக்காந்திருந்தாங்களா, அக்கா?" என்றாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. மூன்றாண்டுகள் அந்தக் கிழவியைத் திண்ணையில் உட்கார வைத்தவர்கள் நாங்கள்தாமே என்று எங்களுக்கும் வருத்தமாயிருந்தது.

அன்பான தங்கைகளே! நாங்கள் இவ்வாண்டோடு இப்பள்ளியைவிட்டுப் பிரிகிறோம். கதையில் நெடுநாள் கழித்து வரும் விடை இன்பம் தரும். வாழ்க்கையில் அதற்காகக் காத்திருப்பவர் யார், எத்தனை நாள் காத்திருப்பார் என்று நமக்குத் தெரியாது. வாங்கிய நூலைத் திருப்பிக் கொடுப்பதும், சண்டையிட்ட தோழியிடம் பேசுவதும், ஆசிரியையிடம் நன்றி சொல்வதும் அடுத்த பாகத்துக்கென்று ஒத்திவைக்க வேண்டியவையல்ல. நாங்கள் ஐவரும் எங்கள் பழைய வகுப்பாசிரியைகளையும் அருட்சகோதரிகளையும் தேடிச் சென்று நன்றி கூறத் தொடங்கியிருக்கிறோம். இன்னும் மூவர் பாக்கி.

'கொல்லிமலைக் கோமகள்' இப்போது பள்ளி நூலகத்தில், கதைப்புத்தக அலமாரியில் இருக்கிறாள். படிப்பவர்கள் நாலாம் பக்கத்தைச் சற்று நின்று பார்க்கவும்.

— பத்தாம் வகுப்பு மாணவி, தோழியர் நால்வரின் சார்பிலும்